டிசம்பரிலிருந்து பின்னோக்கி

மாதங்களைப் பின்னிருந்து சொல்லுங்கள் என்றாள்
பிசியோதெரபிஸ்ட் நெஸ்டா.
டிசம்பர், நவம்பர், அக்டோபர்.
அப்புறம் ஒன்றுமில்லை.
விழுந்த பல்லின் இடத்தை
நாக்கு தேடித் தடவுவதுபோல்
அக்டோபருக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவே
தடவிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில்
ஒருத்தியின் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் பட்டதாம்.
விழுந்தேனாம். எழுந்தேனாம்.
"மெரெரிட், நலமா?" என்று நடுவர் கேட்க
"ஆம்" என்றேனாம்.
அதற்குப் பிறகும் பதினெட்டு நிமிடம் ஆடினேனாம்,
ஒருமுறை பந்தோடு
எங்கள் கோட்டை நோக்கியே ஓடினேனாம்.
ஸ்கோர் என்னவென்று மூன்று முறை கேட்டு
மூன்று முறையும் புதிதாக மகிழ்ந்தேனாம்.

என் வாழ்க்கையின் ஒரு பிற்பகல்
எனக்கே செவிவழிச் செய்தி.
ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் ஓர் "ஆம்",
நாய்வாலில் யாரோ கட்டிவிட்ட தகர டப்பாவாக
இழுபட்டு வருகிறது.

ஃபிரிட்ஜ் இவ்வளவு பேசும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
இத்தெல் கரண்டிகளைக்கூடத் துண்டில் சுற்றிவைத்தான்.
என் செல்போனை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு
டின்னை அலமாரியின் உச்சியில் ஏற்றினான்.
ஏழு வயது மக்சென்
காலுறையோடு அடிமேல் அடிவைத்து வந்து
காதருகே கிசுகிசுத்தான்:
"அம்மா, நான் மூச்சு விடலாமா?"

ப்ளைனாயில் மழை.
வேல்ஸில் வேறென்ன பெய்யும்.
சிலேட்டுக் கூரைமேல் இறங்கிய அந்தச் சத்தம் மட்டும்
வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் நெஸ்டா
திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள்.
இருட்டிலேயே கிடந்தால் தலை இருட்டுக்குப் பழகிவிடும்.
பத்து நிமிடம் நட. வலி கூடினால் நில்.
நாளைக்கு மறுபடி.
பஸ் நிறுத்தம்வரை போய்
பஸ் ஏறாமல் திரும்பினேன்.
முதல் இரண்டு நாள் டிரைவர் கதவைத் திறந்தார்.
பிறகு கையை மட்டும் அசைத்தார்.

ஒன்பதாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று
எனக்கு நானே சான்றிதழ் கொடுத்தேன்.
படிக்கட்டைக் கூட்டினேன்,
மக்சென்னோடு கத்திக் கத்திச் சீட்டாடினேன்.
மாலையில் குளியலறைத் தரையில்
கன்னத்தை வைத்துக் கிடந்தேன்.
மறுநாள் பஸ் நிறுத்தம்
இருமடங்கு தொலைவுக்கு நகர்ந்துபோயிருந்தது.

பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை.
இருநூறு பிள்ளைகள், இருநூறு முள்கரண்டிகள்;
என்னைப் பின்னறையில் உருளைக்கிழங்கு சீவ வைத்தார்கள்.
ஒரு வியாழக்கிழமை,
பதினோராவதோ பன்னிரண்டாவதோ கிழங்கில்,
கூப்பிடாமலே வந்து நின்றது
செப்டம்பர்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
ஈரக் கையோடு ஜனவரிவரை சொல்லிப் பார்த்தேன்.
யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே கோச் க்வென்லியன் அழைத்தாள்.
சனிக்கிழமை கோப்பை ஆட்டம், ஆள் குறைகிறது,
"நீ நலம்தானே?"
நாக்கு நுனியில் பூட்ஸ் மாட்டித்
தயாராக நின்றது "ஆம்".
"இன்னும் இல்லை" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கார் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும்.
"சரி, ஆரஞ்சு நறுக்க வா."

தோற்றோம்.
கொட்டும் மழையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
ஆரஞ்சுத் தட்டோடு நின்ற பைத்தியக்காரி நான்தான்.
இருபத்திரண்டுக்கு ஏழு.
யாரையும் கேட்கவில்லை.

நேற்று மைதானத்தை மூன்று சுற்று,
யார்மீதும் மோதாமல்.
இடது பூட்ஸுக்குள் தண்ணீர்.
சிலேட்டுக் குவியலின் மேலிருந்து ஓர் ஆடு
என்னையே பார்த்தபடி அசைபோட்டது.
கடிகாரத்தை நிறுத்திவிட்டு
தலை எப்படி இருக்கிறது என்றாள் நெஸ்டா.
சொல்வதற்கு முன்
ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஓடினேன்.
நனைந்தேன்.
மூச்சு வாங்கியது.
வாலில் எதுவும் கட்டாமல்
வந்து நின்றன வினைச்சொற்கள்.